உடன்படிக்கை ஓவியங்களில் யார் கை எங்கே இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதம் ஒரு சனிக்கிழமை ஏழெட்டுப் பேரைச் சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போவது என் வழக்கம். அங்கே ஆங்கிலேயக் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் சிலையின் பீடத்தில் ஒரு புடைப்புச் சிற்பம் இருக்கிறது: திப்பு சுல்தானின் இரண்டு மகன்களைப் பிணையாக ஒப்படைக்கும் காட்சி. அதன் முன்னால் போய் நின்றதுமே கேள்விகள் ஆரம்பித்துவிடும். வெளியே வந்து டீ குடிக்கும்போது தொடரும், ராத்திரி வாட்ஸ்அப்பிலும் வரும். வெளிநாட்டு ஓவியங்களைக் கைபேசியில் பெரிதாக்கிக் காட்டி, அதே பதில்களைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுபோனதால், அதிகம் வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். நான் வரலாற்றுப் பேராசிரியர் அல்ல. படம் பார்க்கிற ஆள், அவ்வளவுதான்.

ஒப்பந்தம்னா கையெழுத்துதானே சார்? அதுல கை ஜாடைக்கு என்ன வேலை?

நம் வீட்டு நிச்சயதார்த்தத்தை நினைத்துக்கொள்ளுங்கள். லக்னப் பத்திரிகை எழுதுவார்கள், அதை உரக்க வாசிப்பார்கள். ஆனால் வரமுடியாமல் போன அத்தை போன் செய்து கேட்பது “பத்திரிகை வாசிச்சாச்சா?” என்றா? “தட்டு மாத்தியாச்சா?” என்றுதான். எழுத்து எழுத்தாக இருக்கட்டும். ஊர் பார்க்க ஒரு செய்கை வேண்டும்.

ஓவியருக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. படத்தில் ஒப்பந்தம் என்பது வெறும் வெள்ளைச் சதுரம். அதில் என்ன எழுதியிருக்கிறது, யாருக்கு லாபம் என்பதெல்லாம் தெரியாது. அதையெல்லாம் உடம்புகளை வைத்துத்தான் அவர் சொல்லியாக வேண்டும். யார் நிற்கிறார், யார் குனிகிறார், யார் கை மேலே, யார் கை கீழே. இந்தப் பக்கம் முழுக்க நான் பேசப்போவது அதைப் பற்றித்தான்.

எப்பப் பார்த்தாலும் கை குலுக்கறாங்க. அது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம்தானே?

இல்லை. அசீரிய அரசன் மூன்றாம் ஷல்மனேசரின் சிம்மாசன மேடை இராக்கில் நிம்ருத் என்ற இடத்தில் கிடைத்தது. கி.மு. 9ஆம் நூற்றாண்டுச் சிற்பம் அது. அதில் ஷல்மனேசரும் பாபிலோன் அரசன் மர்துக்-ஜாகிர்-ஷூமியும் எதிரெதிரே நின்று கை பற்றிக்கொள்கிறார்கள். இரண்டு அரசர்கள் கை கொடுத்துக்கொள்ளும் மிகப் பழைய படங்களில் இது ஒன்று. பாபிலோனில் அந்த அரசனின் தம்பி கலகம் செய்தபோது ஷல்மனேசர் படையோடு போய் உதவினார். அந்த உறவைத்தான் மேடையில் செதுக்கி வைத்தார். தன் சிம்மாசனத்துக்கு அடியில், தன்னைப் பார்க்க வருகிறவர்களின் கண்ணில் படும்படி.

கிரேக்கத்தில் மனிதர்களுக்குப் பதில் தெய்வங்களே கை கொடுத்தன. ஏதென்ஸும் சாமோஸ் தீவும் செய்துகொண்ட ஏற்பாட்டைக் கல்லில் பொறித்த பலகை ஒன்று ஏதென்ஸ் அக்ரோபொலிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, கி.மு. 403 வாக்கில் செய்தது. மேலே ஏதென்ஸின் அதீனாவும் சாமோஸின் ஹீராவும் வலக்கை பற்றி நிற்கிறார்கள், கீழே ஆவணம். படிக்கத் தெரியாதவனுக்கு மேல்பாதி போதும்.

அமெரிக்காவிலும் பார்க்கலாம். டெலவேர் பூர்வகுடிகளான லெனாபி மக்கள், பென்சில்வேனியாவை நிறுவிய ஆங்கிலேயர் வில்லியம் பென்னுக்குக் கொடுத்ததாகச் சொல்லப்படும் சிப்பிமணிப் பட்டை ஒன்று இருக்கிறது. வெள்ளை மணிகளுக்கு நடுவே கருநிற மணிகளால் இரண்டு உருவம், கையோடு கை. ஒன்றின் தலையில் தொப்பி. அவர்களுக்கு ஒப்பந்தமே அந்தப் பட்டைதான். காகிதம் வெள்ளைக்காரர்களின் சடங்கு என்று அவர்கள் நினைத்திருக்கலாம்.

வலது கைதான் கொடுக்கணும்னு ஏன்? கையில கத்தி இல்லைன்னு காட்டவா?

இந்த விளக்கத்தை எல்லாரும் சொல்கிறார்கள், கேட்கவும் நன்றாக இருக்கிறது. எனக்கு அதைவிட எளிய காரணம் பிடிக்கும். லத்தீனில் ‘தெக்ஸ்த்ரா’ என்றால் வலக்கை, அதே சொல்லுக்கு வாக்குறுதி என்றும் பொருள். நாமும் சத்தியம் செய்யும்போது இடக்கையை நீட்டுவோமா? நீட்டினால் வீட்டில் விடுவார்களா?

அந்த டச்சுக்காரங்க ரெண்டு விரலைத் தூக்கிட்டு நிக்கறாங்களே, வெற்றிச் சின்னமா?

இது ஜெரார்ட் தெர் போர்க் வரைந்த மூன்ஸ்டர் ஒப்பந்தப் படம். 1648 மே 15. ஸ்பெயினுக்கும் டச்சுக்காரர்களுக்கும் நடந்த எண்பது ஆண்டுப் போர் முடிந்து, ஒப்பந்தத்தை உறுதிசெய்து இரு தரப்பும் சத்தியம் செய்யும் கணம். லண்டன் தேசிய ஓவியக் கூடத்தின் படம். செப்புத் தகட்டில் வரைந்தது. அகலம் 60 செ.மீ.கூட இல்லை. நம் வீட்டுத் தினசரிக் காலண்டர் அட்டையைக் குறுக்கே பிடித்தால் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதற்குள் எழுபதுக்கு மேற்பட்ட முகங்கள், ஒவ்வொன்றும் தனித்தனி ஆள்.

ஒரு தடவை இதைக் கைபேசியில் காட்டியபோது கூட வந்த ஒன்பது வயதுப் பையன் சட்டென்று சொன்னான்: “அங்கிள், இவங்க பழம் விடறாங்க!” எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அவன் சொன்னதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது. காய் விட்டவன் பழம் விடும்போது ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து நீட்டுகிறானே, அதே இரண்டு விரல்தான். டச்சுத் தூதர்கள் அதை மேலே தூக்கிக் கடவுளைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். ஐரோப்பாவின் பல பகுதிகளில் நீதிமன்றச் சத்தியமே அப்படித்தான். வெற்றிச் சின்னம் போல விரல்கள் விரிந்திருக்கவில்லை, பாருங்கள், ஒட்டியிருக்கின்றன.

இப்போது வலப்பக்கம் பாருங்கள். ஸ்பெயின்காரர்கள் விரல் தூக்கவில்லை. தூதர் பென்யராந்தா பிரபு சுவிசேஷப் புத்தகத்தின் மேலும் சிலுவையின் மேலும் கை வைத்திருக்கிறார். ஸ்பெயின்காரர்கள் கத்தோலிக்கர்கள், டச்சுக்காரர்கள் புரோட்டஸ்டண்டுகள். எண்பது வருடச் சண்டையில் மதத்துக்கும் பெரிய பங்கு உண்டு. ஒரே சத்தியத்தை அவரவர் முறைப்படி செய்யலாம் என்று ஒத்துக்கொண்டதே பாதி சமாதானம். ஒரே மேஜை, இரண்டு விதக் கை. படத்தின் இடது ஓரத்தில் நம்மைப் பார்த்து நிற்கிற ஆள் ஓவியரேதான். ‘நான் அங்கே இருந்தேன்’ என்று அவர் போட்ட கையெழுத்து அது.

சாமி சாட்சி இல்லாம அந்தக் காலத்துல ஒப்பந்தமே கிடையாதா?

அநேகமாக. எகிப்தின் இரண்டாம் ராம்சேஸும் இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட் அரசன் மூன்றாம் ஹத்துசிலியும் கி.மு. 1259 வாக்கில் செய்த உடன்படிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். அது வெள்ளித் தகட்டில் எழுதப்பட்டிருந்தது. தகடு போய்விட்டது. ஆனால் கர்னாக் கோவில் சுவரில் அதன் வாசகத்தை வெட்டியவர்கள், தகட்டின் நடுவே இருந்த முத்திரை எப்படி இருந்தது என்பதையும் வார்த்தையில் எழுதிவைத்தார்கள்: புயல் தெய்வம் ஹிட்டைட் அரசனைக் கட்டியணைத்திருக்கிறது. அரசன் எதிரியைக் கட்டிக்கொள்ளவில்லை, தெய்வம் அரசனைக் கட்டிக்கொண்டிருக்கிறது. ‘இவன் வாக்குக்கு நான் பொறுப்பு’ என்று அர்த்தம்.

ரோமானியர்கள் கொஞ்சம் கொடூரம். அவர்களின் பழைய தங்கக் காசு ஒன்றில் ஒருவன் மண்டியிட்டுப் பன்றிக்குட்டியைப் பிடித்திருக்க, இரு பக்கமும் நிற்கிற வீரர்கள் வாளால் அதைத் தொட்டுச் சத்தியம் செய்கிறார்கள். வாக்கு மாறினால் இந்தப் பன்றிக்கு நேர்வது எனக்கும் நேரட்டும் என்பது பொருள். நம் ஊரில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்பவன் சொல்வதும் அதே மாதிரிதானே.

புறா எங்கே? ஒரு படத்துலயும் காணோமே!

பைபிளில் நோவாவின் கப்பலுக்கு ஒலிவ இலையைக் கொண்டுவந்த புறா பழையதுதான். ஆனால் அரசியல் மேடையில் பறக்கவிடுகிற சமாதானப் புறாவுக்கு உலகப் புகழ் வாங்கித் தந்தது 1949இல் பாரிசில் நடந்த சமாதான மாநாட்டின் சுவரொட்டி. அதில் இருந்தது பிக்காசோவின் புறா. அதற்கு முந்தைய உடன்படிக்கைப் படங்களில் ஒலிவக் கிளையைத் தேடுங்கள், கிடைக்கும்.

எனக்குப் பிடித்தது வேறு இரண்டு. ஒன்று, ரோமானியக் காசுகளில் சமாதான தேவதை தீப்பந்தத்தைத் தலைகீழாகப் பிடித்து ஆயுதக் குவியலைக் கொளுத்துவது. சமாதானம் என்றால் மென்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? இன்னொன்று, நீரோ வெளியிட்ட காசில் ஜேனஸ் கோவிலின் சாத்திய கதவு. போர் நடந்தால் அந்தக் கோவில் திறந்திருக்கும், எங்கும் போர் இல்லையென்றால் மூடுவார்கள். நடை சாத்தியதை ஊர் கொண்டாடிய கோவில் அது ஒன்றுதான் இருக்கும்.

ரூபன்ஸ் படத்துல அந்தம்மா பால் பீச்சறாங்களே, அதுக்கும் சமாதானத்துக்கும் என்ன சம்பந்தம்?

இந்தக் கேள்வியை எல்லாரும் கொஞ்சம் தயங்கித்தான் கேட்கிறார்கள். தயங்க ஒன்றுமில்லை. நடுவில் இருப்பவள் சமாதானம். குழந்தைக்குப் பால் தருகிறாள். அவளுக்குப் பின்னால் கவசம் போட்ட மினர்வா, போர்த் தெய்வமான மார்ஸைத் தோளைக் கொடுத்துத் தள்ளுகிறாள். முன்னால் பழங்கள் வழியும் கொம்பு, அதை நோக்கி வருகிற சிறுவர் சிறுமியர், மல்லாந்து படுத்துத் திராட்சைக் கொடியோடு விளையாடும் சிறுத்தை. அது பூனைக்குட்டி மாதிரி நடந்துகொள்கிறது.

இதில் உள்ள விசேஷம் வேறு. ரூபன்ஸ் வெறும் ஓவியர் அல்ல. ஸ்பெயின் அரசரின் தூதராக லண்டன் போனவர். 1629–30இல் இங்கிலாந்து அரசர் முதலாம் சார்லஸோடு பேச்சு நடத்திக்கொண்டே இதை வரைந்து அவருக்கே பரிசளித்தார். 1630இல் இரு நாடுகளும் உடன்படிக்கை செய்துகொண்டன. அதாவது இது ஒப்பந்தம் முடிந்தபின் வரைந்த நினைவுச் சின்னம் இல்லை, பேச்சுவார்த்தையில் வைத்த ஒரு வாதம். ‘கையெழுத்துப் போட்டால் உன் வீட்டுக் குழந்தைகளுக்கு இது கிடைக்கும்’ என்று சொல்கிற படம். மார்ஸ் இன்னும் வெளியே போய்விடவில்லை, தள்ளிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.

கட்டிப்பிடிச்சா ரெண்டு பேரும் சரிசமம்னு அர்த்தமா?

சில சமயம். 1807இல் தில்சித்தில் நெப்போலியனும் ரஷ்யப் பேரரசர் அலெக்சாந்தரும் சந்தித்தபோது நேமன் ஆற்றின் நடுவே தெப்பம் கட்டி அதில் பந்தல் போட்டார்கள். யாரும் யார் வீட்டுக்கும் போகவில்லை. இரண்டு கரையிலிருந்தும் படகில் வந்தார்கள். அந்தத் தழுவலை ஓவியர்கள் விரும்பி வரைந்தார்கள். தழுவலைவிடத் தெப்பம்தான் அங்கே சமத்துவத்தைச் சொல்கிறது என்பது என் கட்சி.

ஆனால் ஜஹாங்கீர் பாரசீக ஷா அப்பாஸைத் தழுவுகிற முகலாயச் சிற்றோவியத்தைப் பாருங்கள். அபுல் ஹசன் 1618 வாக்கில் வரைந்தது, இப்போது வாஷிங்டனில் இருக்கிறது. இருவர் தலைக்குப் பின்னாலும் சூரியனும் சந்திரனும் சேர்ந்த பெரிய ஒளிவட்டம். அண்ணன் தம்பி போல் இருக்கிறதே என்று தோன்றும். இப்போது அளவைப் பாருங்கள். ஜஹாங்கீர் அகலமாக, உயரமாக. ஷா ஒடுங்கி, தோள் சாய்ந்து. கீழே உலக உருண்டை. ஜஹாங்கீர் ஒரு சிங்கத்தின் மேல் நிற்கிறார், ஷா ஆட்டுக்குட்டியின் மேல். சிங்கம் படுத்த வாக்கிலேயே ஆட்டுக்குட்டியை மத்தியதரைக் கடல் பக்கம் நகர்த்திக்கொண்டிருக்கிறது.

இதில் இன்னொன்று: இருவரும் நேரில் சந்தித்ததே இல்லை. அது ஜஹாங்கீர் கண்ட கனவு. நான்கே வருடத்தில், 1622இல், ஆட்டுக்குட்டி காந்தஹாரைப் பிடித்துக்கொண்டது.

சரணடையறதுக்கும் சமாதானத்துக்கும் படத்துல எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கறது?

முழங்கால்தான் அளவுகோல். மடங்கியிருந்தால் சரண். ஆனால் இந்த விதியை மீறியதாலேயே புகழ்பெற்ற ஒரு படம் இருக்கிறது: வெலாஸ்கெஸ் 1634–35இல் வரைந்த பிரெதா நகரச் சரண்.

1625இல் டச்சுத் தளபதி ஜஸ்டின் நகரத்தின் சாவியை ஸ்பெயின் தளபதி ஸ்பினோலாவிடம் நீட்டுகிறார். முழங்கால் மடங்கத் தொடங்கிவிட்டது. அதற்குள் ஸ்பினோலாவின் வலக்கை அவர் தோளில். ‘வேண்டாம்’ என்கிற கை. ஜெயித்தவர் குதிரை மேலிருந்து வாங்கவில்லை, இறங்கி நிற்கிறார். குதிரையின் பின்புறம்தான் நமக்குத் தெரிகிறது. சாவி சரியாகப் படத்தின் நடுவில், ஆனால் கண் போய் நிற்பது தோளில் இருக்கும் கையில். சரி, யார் ஜெயித்தது என்பதை எங்கே ஒளித்தார்? வலப்பக்கம் நெட்டுக்குத்தாக நிற்கும் ஸ்பானிய ஈட்டிகளில். வேலி போட்ட மாதிரி ஒழுங்காக நிற்கின்றன. டச்சுப் பக்கம் நாலைந்து, அதுவும் கோணல்மாணலாக.

தோற்றவனை மதித்தால் ஜெயித்தவன் இன்னும் பெரியவனாகத் தெரிவான். படம் ஸ்பெயின் அரசரின் அரண்மனை மண்டபத்துக்காக வரைந்தது என்பதை மறக்கவேண்டாம். 1637இல் டச்சுக்காரர்கள் பிரெதாவைத் திரும்பப் பிடித்துவிட்டார்கள். படத்தைச் சுவரிலிருந்து கழற்றினார்களா என்று ஒருவர் கேட்டார். இல்லை, இன்றும் மாட்ரிட்டில் பிராதோ அருங்காட்சியகத்தில் தொங்குகிறது.

கார்ன்வாலிஸ் அந்தப் பசங்க கையைப் பிடிச்சிருக்காரே, பாசமா, நடிப்பா?

எங்கள் சனிக்கிழமைச் சண்டை எல்லாம் இதில்தான். முதலில் நடந்தது. மூன்றாம் மைசூர்ப் போரில் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்ட பிறகு, 1792இல் திப்பு பாதி ராஜ்ஜியத்தைக் கொடுக்கவும் 3 கோடியே 30 லட்சம் ரூபாய் கட்டவும் ஒத்துக்கொண்டார். அது வந்து சேரும்வரை அவர் மகன்கள் அப்துல் காலிக்கும் முயிசுத்தீனும் பிணை. பிப்ரவரி 26 அன்று யானை மேல் அம்பாரியில் அவர்களைக் கார்ன்வாலிஸின் கூடாரத்துக்கு அனுப்பினார். திப்புவின் வக்கீல் (அதாவது தூதர்) குலாம் அலி, இன்று காலைவரை இவர்கள் என் எஜமானின் பிள்ளைகள், இனி நீங்கள்தான் தகப்பன் என்ற பொருளில் பேசினார். கார்ன்வாலிஸ் ஆளுக்கொரு தங்கக் கடிகாரம் கொடுத்தார். முறையான உடன்படிக்கை கையெழுத்தானது அதற்குப் பிறகு, மார்ச் 18இல்.

இந்தக் காட்சிக்கு லண்டனில் பெரிய மவுசு. படையோடு சென்ற ராபர்ட் ஹோம் வரைந்தார், தெர் போர்க் போலத் தன்னையும் ஓரத்தில் நிறுத்திக்கொண்டார். இந்தியாவையே பார்க்காத மாதர் பிரௌன், ஹென்றி சிங்கிள்டன் எல்லாம் வரைந்தார்கள். அச்சுப்படங்கள் வீடு வீடாகப் போயின. ஏன் இத்தனை பேர்? கிழக்கிந்தியக் கம்பெனி என்றால் கொள்ளைக்காரக் கூட்டம் என்ற பேச்சு அப்போது இங்கிலாந்திலேயே இருந்தது. முன்னாள் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது நாடாளுமன்றத்தில் விசாரணை ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில், எதிரியின் பிள்ளையைக் கை பிடித்து அழைக்கும் ஒரு கனிவான பெரியவர் எவ்வளவு வசதி!

என் பதில்: பாசம் இருந்திருக்கலாம், கடிகாரமும் உண்மை. ஆனால் அந்தக் கையை வைத்து ஓவியர் மறைப்பதைப் பாருங்கள். பாதி ராஜ்ஜியம் படத்தில் இல்லை, 3 கோடி இல்லை, முற்றுகை இல்லை. வெலாஸ்கெஸ் படத்தில் தோளில் இருந்த கை ஒரு தளபதியை எழுப்பியது. இங்கே கை பிடிப்பது குழந்தையை. தோற்றவன் இடத்தில் குழந்தையை நிறுத்திவிட்டால், ஜெயித்தவன் தானாகவே தகப்பனாகிவிடுகிறான்.

அப்புறம் அந்தப் பசங்க என்ன ஆனாங்க?

இரண்டு வருடம் நம் சென்னையில்தான் இருந்தார்கள். திப்பு பணத்தைக் கட்டி முடித்தார். 1794இல் அப்பாவிடம் திரும்பினார்கள். அந்தத் திரும்பிப்போன காட்சிக்கு முன்னதைப் போல ஓவியர்கள் அடித்துக்கொள்ளவில்லை. தேனாம்பேட்டையில் செனடாப் சாலை என்கிறோமே, அந்தப் பெயரும் கார்ன்வாலிஸுக்கு எழுப்பிய நினைவு மண்டபத்தால் வந்ததுதான். பஸ்ஸில் போகிறபோது நினைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையிலயே 1769ல ஹைதர் அலியோட ஒப்பந்தம் நடந்துதே, அதுக்கு ஏன் சிலை இல்லை?

யார் வைப்பார்கள்? ஹைதர் குதிரைப்படையோடு பாய்ந்து வந்து சென்னை வாசலிலேயே நின்று, பிடித்த இடங்களை இரு தரப்பும் திருப்பித் தரவேண்டும், யாராவது தாக்கினால் ஒருவருக்கொருவர் உதவ வேண்டும் என்று கம்பெனியை ஒத்துக்கொள்ள வைத்தார். கம்பெனி பெருமையாக மாட்டிவைத்துக்கொள்ளும் சேதியா அது?

ஆனால் ஒரு கேலிச்சித்திரம் பற்றிய கதை உண்டு. ஹைதரிடம் வேலை பார்த்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் எழுதிவைத்தது. கோட்டை வாசலில் மாட்டச் சொல்லி ஹைதர் வரையவைத்தாராம்: கம்பெனியின் சென்னைக் கவுன்சில்காரர்கள் மண்டியிட்டிருக்க, ஹைதர் கம்பெனி அதிகாரி துய்ப்ரேயின் மூக்கைப் பிடித்து இழுக்கிறார், மூக்கு யானைத் துதிக்கை மாதிரி, அதிலிருந்து பொற்காசுகள் கொட்டுகின்றன. பக்கத்தில் கம்பெனித் தளபதி ஸ்மித், ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு தன் வாளை இரண்டாக ஒடிக்கிறார். கதையாகவே இருக்கட்டும். கை குலுக்கலுக்கும் தழுவலுக்கும் நேர் எதிர்ச் செய்கை மூக்கைப் பிடிப்பதுதான் என்பதை அதைச் சொன்னவர் நன்றாகவே அறிந்திருந்தார்.

நம்ம ராஜாக்கள் சண்டைதான் போட்டாங்களா? சமாதானத்துக்குச் சிற்பமே கிடையாதா?

கல்லைவிடப் பாட்டில் தேடுங்கள். புறநானூற்றின் 58ஆம் பாடலில் சோழன் பெருந்திருமாவளவனும் பாண்டியன் பெருவழுதியும் ஒன்றாக உட்கார்ந்திருப்பதைக் காரிக்கண்ணனார் பார்க்கிறார். உங்களைப் பிரிக்க நினைப்பவர் பேச்சைக் கேட்காதீர்கள் என்கிறார். கடைசியில் அவர் கேட்பது ஒரு படம்: பிறர் நாட்டு மலைச் சிகரங்களில் புலியும் கெண்டையும் சேர்த்துப் பொறிக்கப்படட்டும். கை கிடையாது, கால் கிடையாது, இரண்டு முத்திரைகள் பக்கத்தில் பக்கத்தில். மற்றவன் மலையில்தான் பொறிக்கச் சொல்கிறார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூன்றாமவனுக்கு அது சமாதானம் இல்லை.

இனி எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வாருங்கள். முதலாம் ராஜேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடு அங்கே இருக்கிறது. அதன் முத்திரையில் உட்கார்ந்த புலி, இரண்டு மீன், வில், மேலே குடை. சோழன், பாண்டியன், சேரன் மூவரும் கூட்டணி என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். புலிதான் நடுநாயகம், மீனும் வில்லும் அடங்கிப்போனவர்களின் சின்னம். அதே புலி, அதே மீன், பாட்டில் ஒரு அர்த்தம், செப்பில் வேறு. ஜஹாங்கீரின் சிங்கத்துக்குச் சொன்னதுதான் இதற்கும்: முதலில் அளவைப் பாருங்கள்.

படத்துல இருக்கறது அப்படியே நடந்ததுன்னு நம்பலாமா?

தெர் போர்க்கை ஓரளவு நம்பலாம். பெஞ்சமின் வெஸ்டை நம்பவே கூடாது, ரசிக்கலாம்.

1765இல் அலகாபாத்தில் முகலாய பாதுஷா ஷா ஆலம் வங்காளத்தின் திவானி உரிமையை, அதாவது வரி வசூலிக்கும் உரிமையை, கிளைவுக்குக் கொடுத்த காட்சியை வெஸ்ட் வரைந்திருக்கிறார். உயர்ந்த சிம்மாசனம், குடை, யானைகள். பாதுஷா சுருளை நீட்ட, கிளைவ் வாங்கிக்கொள்கிறார். நடந்தது கிளைவின் கூடாரத்தில். சாப்பாட்டு மேஜை மேல் ஒரு நாற்காலியைத் தூக்கிப் போட்டுச் சிம்மாசனம் ஆக்கினார்கள் என்று சொல்வார்கள். பாதுஷாவின் கை எவ்வளவு உயரத்திலிருந்து தருகிறதோ, வாங்கியது அவ்வளவு முறையானது என்று காட்டத்தான் அந்த அலங்காரம்.

வில்லியம் பென் படம் இன்னும் சுவாரஸ்யம். 1682இல் மரத்தடியில் பென் லெனாபி மக்களோடு உடன்பட்டதாக மரபு. வெஸ்ட் வரைந்தது 1771–72இல். பென் இரண்டு கையையும் விரித்து நிற்கிறார், வாள் இல்லை, துணி மூட்டை பிரிக்கப்படுகிறது. வரையச் சொன்னது பென்னின் மகன் தாமஸ். அந்தத் தாமஸ்தான் 1737இல், ஒரு ஆள் ஒன்றரை நாளில் நடக்கும் தூரம்வரை நிலம் எங்களுக்கு என்று பழைய காகிதத்தைக் காட்டி, வேகமாக ஓடுகிற ஆட்களை அமர்த்தி லெனாபி மக்களின் நிலத்தை வாரிக்கொண்டவர். அப்பாவின் விரிந்த கைகளை ஓவியமாக்க மகனுக்குக் காரணம் இருந்தது. இந்தத் தகவலைச் சொன்னதும் கூட்டத்தில் ஒருவராவது “எங்க சித்தப்பா மாதிரி” என்பார்.

முதல் உலகப் போர் ஒப்பந்தப் படத்துல தலைப்பாகை கட்டினவர் யாரு?

பிகானேர் மகாராஜா கங்கா சிங். 1919 ஜூன் 28, வெர்சாய் கண்ணாடி மண்டபம். வில்லியம் ஓர்ப்பன் வரைந்தது. அவர் பின்வரிசையில் நிற்கிறார். அமெரிக்காவின் வில்சன், பிரான்ஸின் கிளெமன்சோ, பிரிட்டனின் லாய்ட் ஜார்ஜ் எல்லாம் உட்கார்ந்து நம்மைப் பார்க்கிறார்கள். ஜெர்மன் தரப்பில் யோஹன்னஸ் பெல் நமக்கு முதுகைக் காட்டிக் குனிந்து கையெழுத்துப் போடுகிறார், ஹெர்மன் முல்லர் பக்கத்தில் சாய்ந்து பார்க்கிறார்.

யாரும் யாருக்கும் கை கொடுக்கவில்லை. சத்தியம் இல்லை, தழுவல் இல்லை. இத்தனை செய்கைகளைப் பார்த்துவிட்டு வந்தால் இது திக்கென்று இருக்கும். ஓவியர் மனிதர்களைக் கீழ்ப்பாதியில் சின்னதாக அடுக்கிவிட்டு, மேலே முழுக்கத் தங்க வேலைப்பாட்டுக்கும் கண்ணாடிக்கும் கொடுத்துவிட்டார். கண்ணாடிப் பிம்பங்கள் சிதறித் தெரிகின்றன.

போட்டோ வந்தப்புறம் இதெல்லாம் போயிடுச்சுல்ல?

எங்கே போயிற்று? 1993 செப்டம்பர் 13, வெள்ளை மாளிகைப் புல்வெளி. இஸ்ரேல் பிரதமர் ராபினும் பாலஸ்தீனத் தலைவர் அராஃபத்தும் கை குலுக்க, பின்னால் அமெரிக்க அதிபர் கிளிண்டன் இரண்டு கையையும் விரித்து நிற்கிறார். வெஸ்ட் வரைந்த பென்னைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒரு படம் பாதி வெள்ளையாவே இருக்கே, பணம் பத்தலையா?

இதுவும் வெஸ்ட்தான். அமெரிக்க விடுதலைப் போரை முடித்த பாரிஸ் உடன்படிக்கை, 1783. இடப்பக்கம் அமெரிக்கத் தரப்பு ஐந்து பேர்: ஜான் ஜே, ஜான் ஆடம்ஸ், பெஞ்சமின் ஃபிராங்க்ளின், ஹென்றி லாரன்ஸ், ஃபிராங்க்ளினின் பேரன். முகம், கோட்டு, கால் எல்லாம் தயார். வலப்பக்கம் பிரிட்டிஷ் தூதர்கள் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்புப் பூச்சு மட்டும். அவர்கள் ஓவியர் முன்னால் வந்து உட்காரவே இல்லை. வெஸ்ட் கடைசிவரை காத்திருந்து அப்படியே விட்டுவிட்டார். டெலவேரில் விண்டர்தர் அருங்காட்சியகத்தில் அந்த ஐந்து பேரும் இன்னும் காலி இடத்துக்குப் பக்கத்தில் காத்திருக்கிறார்கள்.